பின்னற்காரி மகனின் கிட்டார்
(பங்கின் பாடற்குழு இளைஞருக்கு ஆற்றிய உரை)



கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் கிட்டார் வாசிக்கலாமா, அது சினிமாக் கச்சேரிக்கு உரியதல்லவா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு ஒரு பாடலே விடை சொல்கிறது.

உலகெங்கும் பாடப்படும் 'சைலண்ட் நைட்' கிட்டாரோடு பிறந்த பாடல். அதன் வரிகளை 1816-இல் எழுதியவர் ஆஸ்திரிய நாட்டு உதவிக் குரு யோசேப் மோர். அவருடைய தாய் சால்ஸ்பர்க் நகரில் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழை. 1818 டிசம்பர் 24 அன்று, ஓபர்ன்டார்ப் கோவிலில் ஆர்கன் வாசித்து வந்த பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபரிடம் அவர் மெட்டுக் கேட்டார். மாலைக்குள் மெட்டுத் தயார். அன்றிரவே குருவானவர் கிட்டார் மீட்டி மேல்குரலில் பாட, ஆசிரியர் கீழ்க்குரலில் பாடினார். எலி ஆர்கனைக் கடித்துவிட்டது என்பது பின்னால் சேர்ந்த கதை. குரூபர் 1854-இல் எழுதிய குறிப்பில் அது இல்லை.

இப்பாடலை வெளிநாடு கொண்டு சென்றவர்களுள் ஸ்ட்ராசர் குடும்பத்தார் கையுறை வியாபாரிகள். லைப்சிக் சந்தைக்குப் போன இடத்தில், 1830-களின் தொடக்கத்தில், இதைப் பாடினார்கள். பனியன் கம்பெனியில் உழைக்கும் நமக்கு இவர்கள் அந்நியரா?

கற்பதும் கடினமன்று. டி, ஜி, ஏ செவன் ஆகிய மூன்று கார்டுகள் போதும். ஓர் அளவுக்கு ஆறு தட்டு: முதல் தட்டுக்குக் கட்டைவிரல் தடித்த கம்பியில், மற்ற ஐந்துக்கும் விரல்கள் மெல்லிய கம்பிகளில். முதலில் கார்டு மாற்றத்தை மட்டும் மெதுவாகப் பழகுங்கள். பிறகு பாடிக்கொண்டே வாசியுங்கள். இடக்கை விரல்நுனி சில வாரம் வலிக்கும், பிறகு காய்த்துவிடும். ஒன்றரை ஷிப்டு முடித்து வருகிறவர்கள் தினம் கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் பைப் ஆர்கனைப் பெரிதும் போற்றியது; ஆலயத்தின் மாண்புக்கு இசைந்த பிற கருவிகளையும் உரிய அதிகாரியின் இசைவோடு அனுமதித்தது. ஆகவே எந்தக் கருவி என்பதைவிட எப்படி வாசிக்கிறோம் என்பதே முக்கியம். மக்களின் குரலை மூடாதபடி, அவர்களைப் பாடவைக்கும்படி வாசியுங்கள். அப்போது கேள்வி கேட்ட பெரியவர்களும் உங்களோடு சேர்ந்து பாடுவார்கள்.

மோர் அடிகளார் 1848-இல் வாக்ரைன் ஊரில் ஏழையாகவே இறந்தார். அவருடைய கிட்டார் ஹாலைன் நகரில் இன்றும் இருக்கிறது. பின்னற்காரியின் மகனுக்கு அருள் தந்த பாலன் இயேசு உங்களையும் ஆசீர்வதிப்பாராக.