கிரேக்க மண்பாண்டங்களில் பக்தியும் கேலியும்

பண்டைய கிரேக்கர் சுவரிலும் பலகையிலும் தீட்டிய ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அவர்களுடைய ஓவியக் கலையை இன்று பெரிதும் காட்டுபவை மண்பாண்டங்களே. ஒயின் கலக்கும் தாழி, தண்ணீர்க் குடம், எண்ணெய்க் குப்பி, குடிக்கும் கிண்ணம் எனப் பெரும்பாலானவை வீட்டில் புழங்கியவை.

அவற்றில் பளபளக்கும் கறுப்பு, சாயமல்ல. இரும்புச்சத்துள்ள களிமண்ணைக் கரைத்துத் தெளியவைத்த நுண்ணிய குழம்பு அது. சூளையில் காற்று விட்டுச் சுடும்போது பாண்டம் சிவக்கும். காற்றை அடைத்துப் புகைய விட்டால் முழுவதும் கறுக்கும். மறுபடி காற்று விட்டதும் வெறும் மண் சிவந்துவிடும். குழம்பு பூசிய இடம் மட்டும் இறுகிக் கறுப்பாகவே நிற்கும். முதலில் உருவங்களைக் கறுப்பில் வரைந்தனர். கி.மு. 530 அளவில் ஏதென்ஸில் இது தலைகீழானது: பின்புலம் கறுப்பு, உருவம் சிவப்பு.

வழிபாட்டோடு இந்தப் பாண்டங்களுக்கு நெருங்கிய உறவு உண்டு. அதீனா தேவியின் திருவிழாப் போட்டியில் வென்றவருக்கு அவள் உருவம் தீட்டிய ஜாடியில் ஆலிவ் எண்ணெய் பரிசு. கல்லறைகளில் வைக்கவென்றே வெள்ளைப் பூச்சுள்ள குப்பிகள் இருந்தன.

இத்தகைய பாண்டங்களிலேயே ஓவியர்கள் தெய்வங்களையும் வீரர்களையும் கேலியும் செய்தார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் கி.மு. 525 அளவிலான குடம் ஒன்று உள்ளது. அதில் மாவீரன் ஹெராக்ளிஸ், பாதாளத்தின் மூன்று தலை நாயைப் பிடித்து வருகிறான். ஒரு தலை கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. அதைக் கொண்டுவரச் சொன்ன அரசன் யூரிஸ்தியஸோ பெரிய தாழிக்குள் குதித்து, இரு கைகளையும் தூக்கிக்கொண்டு அலறுகிறான். தென் இத்தாலியில் கிரேக்கர் குடியேறிய ஊர்களில் கேலி நாடகமே பாண்டத்தில் ஏறியது. கி.மு. 4ஆம் நூற்றாண்டுத் தாழி ஒன்றில், தொந்தி சரிந்த தேவர் தலைவர் சீயஸ், காதலியின் ஜன்னலுக்கு ஏணி தூக்கி வருகிறார். தலை ஏணிப் படிகளுக்கு நடுவே மாட்டியிருக்கிறது. கூட வந்த தூதுவத் தேவன் ஹெர்மிஸ் விளக்குப் பிடிக்கிறார்.

இவற்றை நாத்திகம் என்று கொள்வது தவறு. தீப்ஸ் நகருக்கு அருகே கபிரோய் தெய்வங்களின் கோயிலில் கிடைத்த கிண்ணங்களே அதற்குச் சான்று. அவற்றில் புராணக் கதைகள் கோமாளிக் கூத்தாக வரையப்பட்டுள்ளன. ஒன்றில் புராண வீரன் ஒடிசியஸ் இரண்டு ஜாடிகளைத் தெப்பமாக்கி, கையில் திரிசூலத்தோடு கடலில் தத்தளிக்கிறான். பின்னால் வாடைக்காற்றின் தேவன் கன்னம் உப்ப ஊதுகிறான். கோடுகள் முரட்டுத்தனமானவைதாம், ஏதென்ஸ் ஓவியரின் நயம் இவற்றில் இல்லை. ஆனாலும் நகைச்சுவையில் குறையில்லை. ஒடிசியஸ் உள்ள அந்தக் கிண்ணம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.