ஓலை வாசிக்கும் முன்பே



மணமக்களின் சுதந்திரமான சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். சாதி ஒரு தடையென்று அதில் எங்கும் இல்லை. ஆனால் கோவிலில் ஓலை வாசிக்கும் முன்பே வீட்டில் சாதி பார்த்து முடித்துவிடுகிறார்கள். அகமணம்தான் சாதியின் உயிர் என்று அண்ணல் அம்பேத்கர் 1916லேயே விளக்கினார். பெண்ணைக் காவல் காத்தே அந்த அகமணம் நிலைக்கிறது. ஆகவே குடும்பத்தின் புனிதம் பேசும் பங்குகளிடம் கேட்போம்: அந்தப் பெண்ணின் சம்மதம் எங்கே?

அரசும் கைவிட்டிருக்கிறது. பட்டியல் சாதிகள் குறித்த 1950 ஆணையில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். சாதிவெறியால் தாக்கப்படும் தலித் கிறித்தவப் பெண்ணுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2010இல் பாலினக் கொள்கையும், 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையும் வெளியிட்டது. இரண்டின் மீதும் முதல் உரிமை தலித் பெண்ணுக்குத்தான். மனித மாண்பு மறையுரையோடு முடியக் கூடாது. சாதி மறுத்து மணப்போருக்குப் பங்குக் கோவில் அடைக்கலம் தரட்டும். பங்குப் பேரவையில் தலித் பெண்கள் அமரட்டும். கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் இருந்தால் இடியட்டும்.

ஜெய்பீம்!