இரத்தப் புற்றுநோயாளிக்குக் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திருக்கலாமா?



கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்று முதல் அந்த மலைச் சரிவுகளில் தமிழர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. அங்கே லயன் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல் உண்டு. 'உடம்பில் இரத்தமே இல்லை' என்பதுதான் அது. கொழுந்து பறித்து வரும் அம்மா ஒருவர் மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால், 'இரத்தக் குறைவு, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடு' என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

ஆனால் சில வாரங்கள் மாத்திரை சாப்பிட்டும் சோர்வு தீரவில்லை, அடிபடாமலேயே கை காலில் நீலம் கட்டுகிறது, பல் துலக்கினால் இரத்தம் கசிகிறது, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்றால், அதைச் சாதாரண இரத்தக் குறைவு என்று விட்டுவிடக் கூடாது. டிங்கிக் காய்ச்சலிலும் தட்டணுக்கள் குறையும் என்பதால் சிலர் அப்படியும் நினைத்துக்கொள்வார்கள். டிங்கி சில நாட்களில் தெளிந்துவிடும். வாரக்கணக்கில் நீடிக்கும் இந்த அறிகுறிகளுக்கு முழு இரத்தப் பரிசோதனை அவசியம்.

நாற்றங்காலில் புகுந்த களை

இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அதைத் தேயிலை நாற்றங்காலுக்கு ஒப்பிடலாம். நாற்றங்காலில் களை மண்டினால் நல்ல கன்றுகளுக்கு இடமும் உரமும் கிடைக்காது. லுக்கேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோயில் நடப்பதும் இதுவே. முதிராத வெள்ளை அணுக்கள் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணுக்கள் குறைவதால் சோர்வு வருகிறது. தட்டணுக்கள் குறைவதால் இரத்தக் கசிவு வருகிறது.

வெள்ளை அணுக்கள் சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். சில நோயாளிகளுக்கு அது ஒரு லட்சத்தையும் தாண்டும். 'வெள்ளை அணுதானே எதிர்ப்புச் சக்தி, கூடினால் நல்லதுதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. கூடியிருப்பவை பயிற்சி பெறாத அணுக்கள். கிருமியைக் கண்டால் அவற்றுக்குப் போராடத் தெரியாது.

இரத்தத்தின் இரசாயனம் மாறும்போது

புற்றணுக்கள் வேகமாகப் பிறந்து வேகமாக மடிகின்றன. மடியும் அணுக்களின் உள்ளிருக்கும் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அதனால் லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதியும் யூரிக் அமிலமும் உயர்கின்றன. சிகிச்சை தொடங்கியதும் அணுக்கள் மொத்தமாக உடையும்போது பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ஏறும், கால்சியம் இறங்கும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். யூரிக் அமிலம் மிகுந்தால் சிறுநீரகம் அடைபடும். அதனால்தான் சிகிச்சையின் முதல் நாட்களில் நரம்பு வழியே நிறைய நீர் செலுத்தி, அல்லோபியூரினோல் போன்ற மருந்தும் கொடுத்து, ஒரே நாளில் பல முறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். 'இருக்கிற இரத்தத்தையும் உறிஞ்சுகிறார்களே' என்று உறவினர்கள் கோபப்பட வேண்டியதில்லை.

முதியவர்களைத் தாக்கும் மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் தோட்டப்புறத்தில் எளிதாக மறைந்துகொள்ளும். பல ஆண்டுகள் கூடை சுமந்தவருக்கு முதுகு வலித்தால், சுமந்த வலி என்றுதான் எவரும் நினைப்பார். இந்த நோயிலோ எலும்பு அரிக்கப்பட்டு, கால்சியம் இரத்தத்தில் சேர்கிறது. தீராத தாகம், மலச்சிக்கல், மனக் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஒரே வகையான பயனற்ற புரதம் மிகுந்து, கிருமியை எதிர்க்கும் நல்ல எதிர்ப்புப் புரதங்கள் குறைகின்றன. சிறுநீரகமும் கெடுகிறது. இந்த நிலையில் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் பலவும் சிறுநீரகத்தை மேலும் பாழாக்கும்.

குன்னூரிலிருந்து பாஸ்டன் வரை

இந்த இரசாயன மாற்றத்தையே ஆயுதமாக்கிய வரலாற்றில் இன்னொரு தேயிலை மலைக்கும் பங்குண்டு. 1928-இல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயிலும் நீலகிரியின் குன்னூரிலும் சென்னையிலும் கர்ப்பிணிகளின் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதை 1931-இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. புதிய அணுக்கள் பிறக்க அது இன்றியமையாதது.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், லுக்கேமியா கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது. அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால் என்ன? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக் குழு தயாரித்த அமினோப்டெரின் என்ற மருந்து அதைத்தான் செய்தது. 1948-இல் வெளியான ஃபார்பரின் அறிக்கைப்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதே வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. வளர்ந்த நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் லுக்கேமியா வகையில் இன்று பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

மருந்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வேகமாக வளரும் அணு எதுவானாலும் அது தாக்கும். களையோடு சேர்ந்து நல்ல கன்றுகளும் வாடுகின்றன.

சீழ் வராத புண்

கிருமியோடு முதலில் மோதும் வெள்ளை அணுவுக்கு நியூட்ரோஃபில் என்று பெயர். கீமோதெரப்பி கொடுத்த ஒன்று இரண்டு வாரங்களில் பல நோயாளிகளுக்கு அது மிகவும் குறைந்துவிடும். 500-க்குக் கீழே போனால் பேராபத்து. புண்ணில் சீழ் பிடிப்பதே இந்த அணுக்கள் போராடி மடிவதால்தான். அவை இல்லாத உடலில் சீழ் கட்டாது, வீக்கமும் அதிகம் தெரியாது. உள்ளே கிருமி இரத்தம் முழுவதும் பரவிக்கொண்டிருக்க, வெளியே தெரியும் ஒரே அடையாளம் காய்ச்சலாக இருக்கலாம்.

ஆகவே 38 பாகைக்கு மேல் காய்ச்சல் கண்டால் அது அவசர நிலை. மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் நரம்பு வழியே கிருமிக்கொல்லி மருந்து செலுத்த வேண்டும் என்பது உலக மருத்துவர்களின் நடைமுறை. பனடோலைப் போட்டுப் படுக்கவைத்தால் காய்ச்சல் மட்டுமே மறையும், கிருமி மறையாது.

மலைவாசிகள் செய்ய வேண்டியவை

இங்கேதான் கேமரன் மலையின் சிக்கல் இருக்கிறது. இரத்த நோய்களுக்கான தேசிய மையம் சிலாங்கூரில் உள்ள அம்பாங் மருத்துவமனை. மலையிலிருந்து இறங்க, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு ஒரு சாலை, கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இன்னொரு சாலை. தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை மட்டுமே சுமார் 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. மழைக் காலத்தில் மண் சரிவும் சேர்ந்துகொள்ளும்.

எனவே தூரத்து மருத்துவமனைக்கு விடிந்ததும் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். முதல் ஊசி அங்கே போடப்பட்ட பிறகு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 'இவர் கீமோதெரப்பி எடுப்பவர்' என்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும். மருந்தின் பெயர், கடைசியாக எடுத்த நாள், சிகிச்சை தரும் மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி எப்போதும் கையில் வைத்திருப்பது நல்லது. நள்ளிரவில் வண்டி யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். தோட்டத்து மண்டோருக்கும் அண்டை வீட்டாருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

வீட்டில் வெப்பமானி ஒன்று இருக்க வேண்டும். பகாங் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி உண்டு. ஆகவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் காய்கறித் தோட்டத்து மண்ணிலும் சேற்றிலும் இறங்கக் கூடாது. உணவு நன்றாக வெந்திருக்க வேண்டும். ஆஸ்பிரின் வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நாட்டு மருந்தும் வேண்டாம். சளி, இருமல் உள்ள உறவினர்கள் பாசத்தைத் தொலைபேசியில் காட்டினால் போதும்.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்ல வேண்டும். இரத்தப் புற்றுநோய் தொற்றுநோய் அன்று. நோயாளியின் தட்டையும் குவளையையும் ஒதுக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அவரிடமிருந்து நமக்கு எதுவும் வராது. நம்மிடமிருந்து அவருக்குக் கிருமி போகாமல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அருகில் உட்கார்ந்து பேசுங்கள்.

இரத்தம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். தானமாகப் பெற்ற தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாட்களுக்கு மேல் சேமிக்க இயலாது. அதனால் ஒருமுறை கொடுத்தோம் என்று நின்றுவிடாமல், ஆண்டு முழுவதும் கொடையாளர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மலையில் இரவு குளிரானது, பாதை நீளமானது. ஆனாலும் இரத்தப் புற்றுநோயாளிக்குக் காய்ச்சல் கண்டால், அந்த இரவே புறப்பட வேண்டும்.