வேப் வெறும் பழக்கமா?

எனக்கு முன் பேசிய அன்பர், "சிகரெட்டிலிருந்து என்னை மீட்டதே வேப்தான்" என்றார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால், அதில் பாதிக் கதைதான் இருக்கிறது.

மகன் புகைபிடித்தால் நம் வீடுகளில் அதைக் 'கெட்ட பழக்கம்' என்கிறோம். பழக்கம் என்றால் நினைத்த நேரத்தில் விட்டுவிடலாம் அல்லவா? விட முடியாதவனுக்கு மனவுறுதி இல்லை என்று திட்டுகிறோம். 1964ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கையும் அப்படித்தான் எண்ணியது. சிகரெட் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்று துணிந்து சொன்ன அந்த அறிக்கை, அதை விட முடியாமைக்குப் 'பழக்கம்' என்றே பெயர் வைத்தது. 1988ல்தான் அதே பதவியிலிருந்த டாக்டர் எவரெட் கூப், ஹெராயினைப் போல நிக்கோட்டினும் மனிதனை அடிமையாக்குகிறது என்று அறிவித்தார். அதற்குப் பிறகும், 1994ல் ஏழு சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, நிக்கோட்டின் யாரையும் அடிமையாக்காது என்றார்கள். அவற்றுள் ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞரோ, தாங்கள் விற்பது அடிமையாக்கும் மருந்து என்று 1963லேயே உள்குறிப்பு எழுதி வைத்திருந்தார்!

உள்ளே இழுத்த நிக்கோட்டின் பத்து, இருபது வினாடிகளில் மூளையை எட்டி, இன்ப உணர்வைத் தரும் டோப்பமினைச் சுரக்க வைக்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். உடனே எரிச்சலும் பதற்றமும் வரும். மீண்டும் இழுத்தால் அடங்கும். "டென்ஷன் குறைகிறது" என்று இளைஞர்கள் சொல்வது இதைத்தான். அந்த டென்ஷனைக் கொடுத்ததும் நிக்கோட்டின்தானே!

வேப்பில் தார் இல்லை. எரியும் புகையும் இல்லை. ஆனால் நிக்கோட்டின் இருக்கிறது. சில திரவங்களில் அது உப்பு வடிவில் இருப்பதால் தொண்டை கரிப்பதில்லை. சிகரெட்டின் முதல் இழுப்பில் இருமி ஓடியவன், மாம்பழ வாசனை வேப்பில் இருமுவதே இல்லை.

2019ல் இங்கிலாந்தில் 886 பேரிடம் நடத்திய ஆய்வொன்று வெளியானது. ஓராண்டு முடிவில், வேப் பயன்படுத்தியவர்களில் நூற்றுக்கு 18 பேர் சிகரெட்டை விட்டிருந்தனர். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் விட்டவர்கள் நூற்றுக்கு 10 பேர்தான். இது நம் அன்பர் பக்கச் சான்று. ஆனால் வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் அப்போதும் வேப் இழுத்துக்கொண்டுதான் இருந்தனர். மற்ற குழுவில் பட்டையையோ சூயிங்கத்தையோ தொடர்ந்தவர்கள் 9 விழுக்காடு மட்டுமே.

இருபது ஆண்டுகள் புகைத்தவருக்கு அது இலாபமாக இருக்கலாம். சிகரெட்டையே தொடாத இரண்டாம் படிவ மாணவனுக்கு அதில் என்ன இலாபம்? நம் மலேசியாவில் 13 முதல் 17 வயதினரிடையே வேப் பிடிப்போர் 2017ல் 9.8 விழுக்காடு, 2022ல் 14.9 விழுக்காடு. அதே 2022ல் சிகரெட் பிடித்தவர்கள் 6.2 விழுக்காடுதான். அப்படியானால் இத்தனை பிள்ளைகளும் சிகரெட்டை விடுவதற்காகவா வேப் எடுத்தார்கள்?

இந்த நிலையில், 2023 ஏப்ரலில் வேப் திரவ நிக்கோட்டின் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்கத் தடை விதிக்கும் சட்டம் 2024 அக்டோபரில்தான் நடப்புக்கு வந்தது. இடையில் 18 மாதங்கள்! கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டு வாங்கப் போனதாகவே எனக்குப் படுகிறது.

பெற்றோர்களே, "எப்போதாவது ஒருமுறைதான் இழுக்கிறான்" என்று ஆறுதல் அடையாதீர்கள். அமெரிக்காவில் 12, 13 வயது மாணவர்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுப்படி, தினமும் புகைக்கத் தொடங்கும் முன்பே, சிலருக்குச் சில வாரங்களிலேயே, அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தோன்றிவிட்டன. பிரம்பை எடுத்தால் அவன் ஒளிந்து இழுப்பான், அவ்வளவுதான். புகையை நிறுத்த உதவும் சிகிச்சை அரசாங்க கிளினிக்குகளில் உண்டு, அழைத்துச் செல்லுங்கள். விட்ட முதல் வாரத்தில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். ஆகவே தேர்வு நேரத்தைத் தவிர்த்து, பள்ளி விடுமுறையின் முதல் நாளில் தொடங்கச் சொல்லுங்கள். அந்த வாரம் அவன் எரிந்து விழுந்தால், பதிலுக்கு நீங்கள் எரிந்து விழாதீர்கள்.