தலைப்புச் செய்தி

தோழர்களே! நாளிதழின் முதற்பக்கத்தில், கொட்டை எழுத்துகளில், பல பத்திகளின் அகலத்திற்கு விரிந்து நிற்பதே தலைப்புச் செய்தி. அன்றைய நிகழ்வுகளுள் தலையாயது என்பது அதன் பொருள். தலையங்கம் வேறு, அது இதழின் கருத்து. தலைப்புச் செய்தியோ வெறும் உண்மையாகவே தோற்றமளிக்கிறது. ஆயினும், எது தலையாயது எனத் தீர்மானிப்பதும் ஒரு கருத்தே. அக்கருத்துக்கு வர்க்கச் சார்பும் உண்டு.

2006-இல் மும்பையில் நடைபெற்ற ஆடை அலங்காரக் காட்சிக்கு 500-க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் திரண்டனர். அங்கே முன்னிறுத்தப்பட்டவை பருத்தி ஆடைகள். அதே வேளையில், விதர்பாவில் பருத்தி விளைவித்த உழவர்கள் கடன்சுமையால் தற்கொலை செய்துகொண்டிருந்தனர். அங்குச் சென்ற வெளியூர்ச் செய்தியாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இம்முரணை நாட்டுக்கு எடுத்துக்காட்டியவர் பத்திரிகையாளர் பி.சாய்நாத்.

2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு உழவர்கள் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்தனர். புறப்பட்ட நாளில் அது பெரிய செய்தியன்று. செங்கொடிகள் பெருநகருக்குள் நுழைந்தபோது தலைப்புச் செய்தியாயிற்று. கோரிக்கை மாறவில்லை; திரண்ட மக்களின் வலிமையே அதனை முதற்பக்கத்திற்கு ஏற்றியது.

ஆகவே, தோழர்களே, தலைப்பைப் படிப்பதோடு நின்றுவிடாதீர்கள். உட்பக்க மூலையில் நான்கு வரிகளில் ஒடுங்கிக் கிடப்பது எது என்றும் தேடுங்கள். நாளைய தலைப்புச் செய்தி அங்கே காத்திருக்கக்கூடும். அதனை முதற்பக்கத்திற்குக் கொண்டுவருவது இயக்கத்தின் கடமை.