முப்பது வருஷம் ஓடிய பொயிலர்
(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றி அல்ல, பாக்டரிப் பொயிலரைப் பற்றிப் பேசப் போகிறோம். கொழுந்து பறிக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அதற்கு விறகு போடுகிறவர் நம் வீட்டுப் பிள்ளை. நம் லயங்கள் பலவும் பாக்டரியை ஒட்டித்தான் இருக்கின்றன.

போன மழைக்காலத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். அங்கே பொயிலரில் தகடு சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து வெல்டிங் வைத்துவிட்டு, மறுநாளே நெருப்புப் போட்டிருக்கிறார்கள். “யார் பரிசோதித்தது?” என்று கேட்டோம். “முப்பது வருஷமா ஓடுது, ஒன்னும் ஆகாது” என்றார்கள். நம் ஆட்களும் அதையே சொன்னதுதான் நமக்கு வருத்தம். ஏன் சொன்னார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பொயிலர் நின்றால் பாக்டரி நிற்கும், பாக்டரி நின்றால் கொழுந்து எடுக்க மாட்டார்கள், பேர் விழாது.

ஆனால் முப்பது வருஷம் ஓடியது என்றால், தகடு முப்பது வருஷம் தேய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். பொயிலர் பிளந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீரில் ஒரு பகுதி ஒரே கணத்தில் ஆவியாகிச் சீறும். 1905 மார்ச் 20ஆம் திகதி அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் இதுதான் நடந்தது. புதிய பொயிலரை நிறுத்திவிட்டுப் பழையதைப் போட்டிருந்தார்கள். அது வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. கட்டடம் இடிந்து தீப்பிடித்ததில் 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் பொயிலர்களுக்குக் கடுமையான சட்டம் வந்தது.

பழைய பொயிலர் எல்லாவற்றையும் வீசச் சொல்லவில்லை. அளந்து பார்த்துத் தீர்மானிக்கச் சொல்கிறோம். தகட்டின் தடிப்பை வெளியிலிருந்தே ஒலியலையால் அளக்கும் கருவி இருக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் போடும் கணக்குத்தான் இது. புதிதில் 10 மில்லிமீற்றர் இருந்த தகடு 20 வருஷத்தில் 8 ஆகியிருந்தால், வருஷத்துக்கு 0.1 தேய்ந்திருக்கிறது. குறைந்தது 7 வேண்டும் என்று பொறியியலாளர் கணக்கிட்டால், மிச்சம் 1 மில்லிமீற்றர். அதாவது 10 வருஷம். துரு எல்லா இடத்திலும் ஒரேமாதிரி தின்னாது. அதனால் அதில் பாதிக் காலத்துக்குள், 5 வருஷத்திலேயே, திரும்ப அளக்க வேண்டும். தகடு போதாவிட்டால் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாமா, திருத்தலாமா, ஒதுக்கிவிடுவதா என்று பொறியியலாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். வெடிப்பும் குழியும் இந்தக் கணக்கில் அகப்படாது. அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

வெல்டிங் வைத்தால் நெருப்புப் போடுமுன் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேலே ஏற்றிப் பார்ப்பார்கள். பொதுவாக ஒன்றரை மடங்கு. காற்றை அடைத்துப் பார்ப்பது ஆபத்து. தகடு விட்டால் தண்ணீர் வழியும், காற்று வெடிக்கும்.

பொயிலரடியில் நிற்கும் தோழர்களே, உங்கள் கண்தான் முதல் பரிசோதனை. தகடு சேரும் இடத்தில் வெள்ளைப் பொருக்கு, தகட்டில் புடைப்பு, அழுத்தம் இறங்கியும் பூச்சியத்துக்கு வராத முள், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் இழுப்பது: எதைக் கண்டாலும் திகதியோடு எழுதிவையுங்கள். சேஃப்டி வால்வைக் கட்டவோ, அதில் பாரம் தொங்கவிடவோ யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால், பயத்தில் தண்ணீர் விடாதீர்கள். பழுக்கக் காய்ந்த தகட்டில் தண்ணீர் பட்டால் அதுவே வினை. நெருப்பை நிறுத்தி, ஆட்களை விலக்குங்கள்.

இது நாம் கேட்கும் தயவு அல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் பொயிலருக்கு இருக்க வேண்டிய பாதுகாப்புக் கருவிகளும், காலத்துக்குக் காலம் அதிகாரம் பெற்றவர் செய்ய வேண்டிய பரிசோதனையும் சொல்லப்பட்டிருக்கின்றன. நிர்வாகம் காது கொடுக்காவிட்டால், தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுதுவோம்.

நிர்வாகத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றும் உண்டு. பொயிலர் திருத்தும் நாட்களில் கொழுந்தைப் பக்கத்துப் பாக்டரிக்கு அனுப்பட்டும். பாக்டரி ஆட்களுக்கும் மலை ஆட்களுக்கும் பேர் விழட்டும். பேர் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை, கசிவைப் பார்த்தவரும் வாய் திறக்க மாட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் இரண்டு விஷயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: உங்கள் பாக்டரிப் பொயிலரைக் கடைசியாகப் பரிசோதித்த திகதி, அன்று அளந்த தகட்டின் தடிப்பு. கேட்டும் கிடைக்காவிட்டால் “கிடைக்கவில்லை” என்றே எழுதிவாருங்கள். அங்கேதான் நாம் முதலில் போவோம்.