பெயர்ப்பலகையும் நாணயமும்

(நைனார்பாளையத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து நாம் கலையுந் தறுவாயில், நமது சமூகத்து வாலிபர் ஒருவர், தாம் துவக்கவிருக்கும் போஜனசாலையின் பெயர்ப்பலகைக்காக எழுதுவித்த சித்திரத்தைச் சிலருக்குக் காட்டினார். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில், சின்னசேலத்துக்குச் சமீபமாக இடம் பிடித்திருப்பதாகவும், தை பிறந்ததும் கடை திறக்கப் போவதாகவும் சொன்னார். கேட்க மிகவும் சந்தோஷமாயிருந்தது. ஆனால் சித்திரத்தைக் கண்டதும் திகைத்தேன். நாடெங்கும் கிளைகளையுடைய ஒரு பிரசித்தமான ஸ்தாபனத்தின் பலகையையே பெயர்த்துக் கொணர்ந்தாரோ என்று ஐயுறும்படி, வர்ணம் அதுவே, எழுத்தின் வளைவு அதுவே, ஓரத்துச் சித்திரமும் அதுவேயாக இருந்தது. பெயரில் மாத்திரம் ஓரெழுத்து வேறு. பார்த்தவர்களில் இருவர், "கெட்டிக்காரப் பிள்ளை!" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். யானோ வாய் மூடி நின்றேன். அந்த மௌனத்துக்குப் பிராயச்சித்தமாகவே இன்று இவ்விஷயத்தை எடுத்துக் கொண்டேன். அவரும் இச்சபையில் அமர்ந்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லேன். அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

ஒரு கடையின் பெயர் எங்கிருந்து உண்டாகிறது என்பதை முதலில் கருதுவோம். திண்டுக்கல்லில் 1957-ஆம் வருஷத்தில் நாகசாமி நாயுடு என்பவர் ஒரு பிரியாணிக் கடை வைத்தார். பலகையில் எழுதப்பட்ட பெயர் ஆனந்த விலாஸ் என்பது. ஆனால் அவர் எப்பொழுதும் தலைப்பாகை தரித்துக் கல்லாவில் அமர்ந்திருந்தமையால், உண்ண வந்த ஜனங்கள் பலகையைப் பாராமல் அவர் தலையைப் பார்த்துத் 'தலப்பாக்கட்டிக் கடை' என்று அழைக்கலானார்கள். பலகைப் பெயர் பின்னுக்குப் போயிற்று. ஜனங்கள் இட்ட பெயர் நின்றது. சீரகச் சம்பா அரிசியின் மணமும், ஒரு மனிதர் நாள்தோறும் அடுப்படியிற் காட்டிய கவனமும் சேர்ந்தே அச்சொல்லுக்கு விலை உண்டாக்கின. பிற்காலத்தில் அப்பெயரையொத்த பெயர்கள் சென்னையில் தோன்றவே, வியாஜ்யம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வெறுந் தலைப்பாகைக்காக எவரும் வழக்காட மாட்டார்கள். அதன் கீழ்ச் சேர்ந்திருந்த நம்பிக்கைக்காகவே வழக்கு.

ஆகவே, பிறன் பலகையைப் போன்று பலகை எழுதுகிறவன் சாயத்தையும் தகரத்தையுமா எடுத்துக் கொள்கிறான்? பிறன் பல வருஷம் புழுங்கலரிசியை நனைத்தும், எண்ணெயைப் பழையதாக விடாமலும், ஊசிய சட்னியைக் கொட்டியும் ஈட்டிய நன்மதிப்பை எடுத்துக் கொள்கிறான். இதில் முதலில் ஏமாறுகிறவன் போட்டி வியாபாரியும் அல்லன்; வழிப்போக்கன். சில வருஷங்களுக்கு முன் யான் என் தாயாரை வைத்தியத்துக்காகச் சேலம் அழைத்துச் சென்று திரும்புகையில், இரவு ஒன்பது மணிக்குமேல், அறிந்த பலகையென்றெண்ணி ஒரு கடையில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே சென்று அமர்ந்து, இட்டிலி வந்து, அதைப் பிட்ட பின்னரே அது வேறு கடையென்று தெரிந்தது. வயிறு நலிந்த அம்முதியவள் அன்றிரவு பட்ட பாட்டைச் சபையில் விவரிக்க வேண்டுவதில்லை. யான் மிகவும் வெட்கியது என்னவெனில், மறுநாள் யான் திட்டியது பலகைக்குரிய உண்மையான ஸ்தாபனத்தையே!

"எழுத்து வேறாயிருக்கிறதே, சட்டம் என் செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். சட்டம் எழுத்தை மாத்திரம் பார்ப்பதில்லை. தன் சரக்கைப் பிறன் சரக்கென்று காட்டி விற்கலாகாது என்னும் விதியை, இங்கிலாந்தில் 1842-ஆம் வருஷத்திலேயே ஒரு தலைத் தைல வழக்கில் எடுத்துரைத்தார்கள். நமது தேசத்தில் 1972-ஆம் வருஷம் பார்லே பிஸ்கட் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. இரு காகிதச் சுற்றுகளிலும் ஏறக்குறைய ஒரே வர்ணம், ஒரு பெண்ணின் உருவம், பண்ணைப் பிராணிகள். இரண்டையும் அருகருகே வைத்து, இங்கே இத்தனை வேற்றுமை, அங்கே அத்தனை வேற்றுமை என்று எண்ணுதல் முறையன்று. ஒன்றை முன்னொரு நாள் கண்டவன் மற்றொன்றைக் காணும்போது மயங்குவானா என்பதே கேள்வி என்று தீர்ப்பாயிற்று. கடைக்கு வருகிறவன் பூதக்கண்ணாடியோடு வருவதில்லை. பசியோடும் அரைகுறை ஞாபகத்தோடும் வருகிறான். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் காரில் அமர்ந்திருப்பவனுக்கு அந்த ஞாபகமுங் கூடக் கால் பங்கே.

பெயரே முற்றிலும் வேறாயிருந்தும் தண்டனை அடைந்த கடையும் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலே, ஸான் அன்டோனியோ நகரில், 1978-இல் டாக்கோ கபானா என்னும் மெக்ஸிக்கோ உணவுக்கடை துவங்கிக் கிளைகளோடு வளர்ந்தது. பளிச்சென்ற வர்ணங்கள், சுவர்ச் சித்திரங்கள், திறந்த முற்றத்தில் குடைகள், மேலே தூக்கித் திறக்கும் கதவுகள் என அதன் தோற்றமே திருவிழாக் கொட்டகை போன்றிருக்கும். 1985-இல் ஹூஸ்டன் நகரில் டூ பேஸோஸ் என்னும் வேறொரு கடை அத்தோற்றத்தை ஒட்டியே எழுந்தது. பெயரில் ஒற்றுமை அணுவளவும் இல்லை. ஆயினும் 1992-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கடையின் மொத்தத் தோற்றமும் உடைமையே என்று டாக்கோ கபானாவின் பக்கம் நின்றது. மறு வருஷமே தோற்ற கடையை வென்ற கடை விலைக்கு வாங்கிக் கொண்டது. நமது சட்டமும் வர்ணச் சேர்க்கையையும் பொட்டலத்தின் தோற்றத்தையும் வியாபார முத்திரைக்குள் அடக்கியே பேசுகிறது.

இனி மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. உரியவன் உறங்கினால் சட்டமும் உறங்கும். டில்லியில் ஐ.டி.சி. கம்பெனியாரின் ஹோட்டலில் புகாரா என்னும் பேர்போன போஜனசாலை உண்டு. அக்கம்பெனியார் 1986-இல் நியூயார்க்கிலும் ஒரு புகாரா திறந்து, 1991-இல் மூடிவிட்டார்கள். சிக்காகோவில் இருந்ததும் 1997-இல் நின்று போயிற்று. 1999-இல், முன்பு புகாராவில் வேலை பார்த்தவர்கள் சிலர் சேர்ந்து நியூயார்க்கில் 'புகாரா கிரில்' என்று ஒரு கடை வைத்தார்கள். பெயர் மாத்திரமா? பரிசாரகர் உடுப்பு, மரப்பலகையில் எழுதிய உணவுப் பட்டியல், உண்பவர் கழுத்தில் கட்டும் சிவப்புக் கட்டம் போட்ட துணி வரையில் ஒன்றையும் விடவில்லை. ஐ.டி.சி. வழக்குத் தொடுத்தது. ஆனால் அவர்கள் அந்நாட்டில் அப்பெயரைக் கைவிட்டு விட்டார்கள் என்பதால் 2007-இல் தோற்றார்கள். நம் நாட்டிலும் 'அமிர்ததாரா' மருந்துக்காரர் 'லக்ஷ்மண்தாரா' என்னும் பெயரை ஆட்சேபித்தபோது, உச்ச நீதிமன்றம் 1962-இல் பெயர்கள் மயக்கந் தருவனவே என்று ஒப்புக் கொண்டும், நெடுநாள் பார்த்துக் கொண்டு வாளாவிருந்த காரணத்தால், உத்தரப் பிரதேசத்து எல்லைக்குள் மாத்திரம் அப்பெயருக்கு இடங் கொடுத்தது. அடுத்தவன் தோட்டத்து வேலி விழுந்து கிடந்தால் மாட்டை விட்டு மேய்க்கலாம் என்று இதற்கு அர்த்தம் செய்வோரும் உளர். வேலி விழுந்திருந்தாலும் பயிர் அவனுடையதே.

எல்லாப் பெயர்களும் தனியுடைமையா எனின், அல்ல. 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பித்தளை டவரா தம்ளரோடு சாலைதோறும் எத்தனை கடைகள்! ஊரின் பெயரை ஒருவர் தனதென்று பூட்டி வைக்க இயலாது. தெய்வப் பெயர்களும் புராணப் பெயர்களும் அப்படியே. 'ராமாயணம்' என்னும் பெயரை ஊதுவத்திக்குத் தனி முத்திரையாகக் கொள்ள முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிற்று. ஊர்ப் பெயரைப் பலர் சேர்ந்து காக்கவும் வழியுண்டு. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதும், நம் அயல் ஊர்களில் மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் ஆலைக்காரர்கள் நன்கறிந்த சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் அது கிடைத்ததும் அவ்வழியே.

ஒரே பெயரைப் பலர் நேர்மையாகப் பகிர்ந்து கொள்வதற்கு என் மனத்துக்கு மிக உகந்த உதாரணம் முனியாண்டி விலாஸ். மதுரை ஜில்லா திருமங்கலத்துக்கு அருகிலுள்ள வடக்கம்பட்டிக்காரர்கள் 1930-களிலிருந்து தம் ஊர்த் தெய்வத்தின் பெயரால் ஊரூராகக் கடை வைத்தார்கள். உறவின் முறையார் ஒருவர் கடையில் வேலை கற்று, தெய்வத்தின் உத்தரவு பெற்றே மற்றொருவர் கடை திறப்பார். நாளின் முதல் வியாபாரப் பணத்தைத் தெய்வத்துக்கென்று எடுத்து வைப்பார்கள். வருஷத்துக்கொரு முறை ஊர் கூடி, அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து, வந்தவர்க்கெல்லாம் பிரசாதமாக வழங்குவார்கள். அங்கே பெயரைக் காப்பது பதிவுப் பத்திரமன்று, உறவினர் முன்னும் தெய்வத்தின் முன்னும் உள்ள அச்சமே. சங்கம் வைத்துக் கூடும் நாம் இதனைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஒரு பெயரைப் பெற்றது கேட்டு. நமது வாலிபர் எடுத்தது கேளாமல். வித்தியாசம் அவ்வளவே.

சொந்தப் பெயரை உடையவர்களுக்கு ஒரு வார்த்தை. 1958-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ்ச் சரக்குகளுக்கே முத்திரை பதிவாகும்; போஜனசாலை போன்ற தொழில்களுக்கு இல்லை. 1999-ஆம் வருஷச் சட்டம் 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த பின்னரே அவ்வழி திறந்தது. உணவுக்கடைக்கு 43-ஆம் வகுப்பு. தனி நபரோ சிறு தொழில் செய்பவரோ இணைய வழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்து வருஷம் நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். ஒரு கல்யாண மொய் அளவே செலவு. பதிவு பெற்றவர் தாம் வசிக்கும் ஜில்லா நீதிமன்றத்திலேயே வழக்கிடலாம்; எதிரி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டுவதில்லை. பிறன் முத்திரையைப் போலியாக இடுவது குற்றமுமாகும்: சாதாரணமாக ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சகோதரர்கள் பாகம் பிரியும்போது நிலத்தையும் நகையையும் எழுதிக் கொள்வது போலவே, கடைப் பெயர் யாருக்கு என்பதையும் எழுதிக் கொள்ளுங்கள். நம்மவர்களில் மாடு கன்றுக்குப் பத்திரம் எழுதிவிட்டுப் பெயருக்கு எழுதாமல் விட்டு, பிற்பாடு முகம் பாராமற் போன குடும்பங்கள் எத்தனையோ.

நமது வாலிபருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். தம்பி, உன் பாட்டியார் வாரச் சந்தையில் புளியமரத்தடியில் பணியாரம் சுட்டதை இச்சபையில் பாதிப் பேர் அறிவார்கள். அந்த அம்மாள் காலமாகிப் பல வருஷமாகியும், 'புளியமரத்தடிப் பணியாரம்' என்று சொன்னால் இன்றும் நாவூறுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அக்கிராசனாதிபதி அவர்கள் இப்பொழுதே புன்னகை புரிகிறார். அவருக்குப் பலகையே இருந்ததில்லை. பலகைக்காரரிடம் நீ கொடுத்த முன்பணம் வீணாகுமே என்று தயங்காதே. அதனை யான் தருகிறேன். புதுப் பலகைக்குப் புளியமரம் எழுதத் தெரிந்த ஓவியர் ஒருவர் கள்ளக்குறிச்சியில் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவர் விலாசத்தை வாங்கிக் கொண்டு போ.